மாளிகைத் தெருவின் குன்றிமணிகள்

முன்னொரு காலத்தில் மணலூர்க்கோட்டையை விசயமாறன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஊர்ப்படம் என்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை. அரண்மனை முற்றத்தில் நகரத்தைச் சுண்ணாம்பால் வரையச் செய்து, திருட்டு நடந்த இடத்திலெல்லாம் ஒரு குன்றிமணி வைக்கச் சொன்னான். ஒரே மாதத்தில் செக்கடித் தெரு சிவந்து போயிற்று. காவல் தலைவர் சூரப்புலியார் குடியிருந்த மாளிகைத் தெருவிலோ ஒரு மணிகூட இல்லை.

“செக்கடித் தெருக்காரர்கள் பிறவித் திருடர்கள், மகாராஜா,” என்றார் சூரப்புலியார்.

“அப்படியானால் அமாவாசைக்குள் அந்தத் தெருவைக் காலி செய்யும்,” என்றான் ராஜா. யோசிப்பது அவன் வழக்கமில்லை.

செக்கடித் தெருவில் எண்ணெய் ஆட்டும் பேச்சாயி மந்திரி நல்லதம்பியாரிடம் ஓடி வந்தாள். “சாமி, அடுத்த வீட்டுக் கோழி எங்க வாசல்ல மேய்ஞ்சா அதுவும் திருட்டாம். செக்கைத் தலையில தூக்கிக்கிட்டா நாங்க ஊரு ஊராப் போறது?”

மந்திரிக்கு மனசு கேட்கவில்லை. விசாரித்தார். நகரக் காவலர் பன்னிரண்டு பேரும் செக்கடித் தெருவிலேயே நின்றார்கள். நாளுக்கு ஒரு திருட்டாவது சொல்லாதவனுக்கு அன்று படியரிசி கிடையாது. இது சூரப்புலியார் போட்ட சட்டம்.

மறுநாள் சபையில், “அரசே, அமாவாசை வரை காவலர்களை மாளிகைத் தெருவில் நிறுத்துவோம். படியரிசிச் சட்டம் அப்படியே இருக்கட்டும்,” என்றார் மந்திரி.

“திருட்டே இல்லாத தெருவில் நின்று ஈ ஓட்டவா?” என்று சீறினார் சூரப்புலியார்.

“ஓட்டட்டுமே. உமக்கென்ன நஷ்டம்?”

ராஜாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. சரி என்றான்.

முதல் நாள் காவலர்கள் பெரிய மனிதர்களுக்குக் கும்பிடு போட்டே பொழுதைக் கழித்தார்கள். இரவு பட்டினி. மறுநாள் மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. ராஜவைத்தியர் மடியில் கோயில் சந்தனக்கட்டை அகப்பட்டது. அரண்மனைப் புரோகிதர் வீட்டில் அரண்மனை நெய்க்குடம் அகப்பட்டது.

அமாவாசையன்று பார்த்தால், மாளிகைத் தெரு மிளகாய் காயப்போட்டது போலக் கிடந்தது.

“முதல் மணி யாருடையது?” என்றான் ராஜா.

காவலன் ஒருவன் தலையைச் சொறிந்தான். “தலைவரய்யாவோடது, மகாராஜா. அடுத்த வீட்டு முருங்கை. ஏழு காய்.”

“குழம்புக்கு...” என்று இழுத்தார் சூரப்புலியார். சபை விழுந்து விழுந்து சிரித்தது.

“இன்று அமாவாசை. எந்தத் தெருவைக் காலி செய்யலாம், நீரே சொல்லும்,” என்றான் ராஜா.

சூரப்புலியார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். படியரிசிச் சட்டம் அன்றே ஒழிந்தது. தெருவுக்கு ஒரு காவலன் என்றாயிற்று. செக்கடித் தெருவுக்குச் சூரப்புலியாரே காவல். பேச்சாயி வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் செக்கைப் பூட்டினாள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். போட்டவன் சும்மா இருந்தானா? “பாரும், என் அரண்மனைமேல் ஒரு மணியாவது உண்டா?” என்று மார்தட்டினான்.

“அங்கே இன்னும் காவலரை நிறுத்தவில்லையே, அரசே.”

ராஜா முதல் தடவையாக யோசித்தான். பிறகு, “நிறுத்த வேண்டாம்,” என்றான்.