சுவத்துல மாட்டின சைக்கிள்

ஒரு ஊர்ல ஒரு தையல்காரி இருந்தா. பேரு ஆவுடை. ஊரு எங்கன்னா தென்காசிப் பக்கம், மலை அடிவாரத்துல. சாரல் பிடிச்சா வாரக்கணக்குல துணி காயாது, அப்படி ஒரு ஊரு. ம் கொட்டு. கொட்டினாத்தான் கதை நகரும்.

"ம்."

அந்த ஆவுடைகிட்ட ஒரு சைக்கிள் இருந்துச்சு. நம்ம பால்காரர் வச்சிருக்காரே, அந்த மாதிரி இல்ல. தூர ஊருக்குப் போறதுக்குன்னே செஞ்ச பழைய காலத்து சைக்கிள். அத்தனையும் இரும்பு, ஆனா ஒல்லி ஒல்லியான குழாய். நகத்தால சுண்டினா 'டிங்ங்'னு வெண்கலக் கிண்ணம் கணக்கா சத்தம் வரும். ஹேண்டில்பாரு கடா கொம்பு மாதிரி கீழ வளைஞ்சிருக்கும். பின் சக்கரத்துல சின்னதும் பெருசுமா பல்சக்கரம் அடுக்கியிருக்கும். ஏத்தம் வந்தா ஒரு குச்சியைத் தள்ளணும். 'கடக்'! சங்கிலி பெரிய பல்லுக்குத் தாவிரும், மிதிக்க லேசாயிரும்.

அது அவளுக்கு எப்படிக் கெடைச்சுது தெரியுமா? பழைய இரும்புக்கடையில, அறுத்துப் போடறதுக்குன்னு தகரத்துக்கு அடியில கெடந்துச்சு. ஒரு கொம்பு மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஆவுடை பாத்தா. காதுல கெடந்த கம்மலைக் கழட்டிக் குடுத்துட்டு அதை உருட்டிக்கிட்டு வந்துட்டா. அவ அம்மா தலையில அடிச்சுக்கிட்டா.

"ஏட்டி, கம்மலைக் குடுத்துத் துருவை வாங்கியாந்திருக்கியே, கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?"

ஆவுடை ஒரு கந்தலை எடுத்தா. மண்ணெண்ணெயைத் தொட்டுத் தேய்ச்சா. சரக் சரக், சரக் சரக். தேய்க்கத் தேய்க்க, துருவுக்குள்ள இருந்து பச்சைக் கலரு எட்டிப் பாத்துச்சு. நல்ல கரும்பச்சை, மழை பேஞ்ச மலை மாதிரி.

அப்புறம் என்ன, வருசம் பூரா தைப்பா. பொங்கலுக்குத் தைக்கறது முடிஞ்சதும் மெஷினை மூடிப் போட்டுட்டு, கான்வாஸ் துணியில அவளே தைச்ச பைகளை முன்னயும் பின்னயும் மாட்டிக்கிட்டுக் கிளம்பிருவா. ஒரு வருசம் கன்னியாகுமரி. ஒரு வருசம் தனுஷ்கோடி. ஒரு வருசம் மலையைத் தாண்டி கேரளத்துக் கடல். ரோட்டுல குழி வந்தா புது சைக்கிள் எலும்பையே ஆட்டிரும். இந்த இரும்பு அப்படி இல்ல, லேசா வளைஞ்சு குடுக்கும். தோல் சீட்டு அவ உக்காந்து உக்காந்து அவளுக்குன்னே குழிஞ்சு போச்சு. வேற யாரு உக்காந்தாலும் குத்தும். இறக்கத்துல மிதிக்காம விட்டா 'டிக்டிக்டிக்டிக்'னு சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்துக்காகவே அவ ஏத்தம் ஏறுவா.

"ம்."

அப்போ அந்த ஊருக்கு லிங்கதுரைன்னு ஒரு ஓட்டல் முதலாளி வந்தாரு. குற்றாலம் போற ரோட்டுல பெரிய ஓட்டல் கட்டினாரு. ஆளு நல்ல வாட்டசாட்டம், தொப்பை முன்னால வரும், அவரு பின்னால வருவாரு. ஒருநாள் வெத்தலை பாக்கு, பழம் எல்லாம் தட்டுல வச்சுத் தூக்கிக்கிட்டு ஆவுடை வாசலுக்கு வந்துட்டாரு.

"ஓட்டல் திறப்பு விழா வச்சிருக்கேன் தாயி. வாசல்ல உன் சைக்கிளை நிறுத்தினா பழைய காலத்துப் பொருளு, பாக்கறவனுக்கு ஒரு கெத்தா இருக்கும். ரெண்டு நாள் குடு. பொன்னு மாதிரித் திருப்பித் தாரேன்."

குடுக்க அவளுக்கு மனசே இல்ல. ஆனா தட்டோட வாசலுக்கு வந்த ஆளை எப்படி இல்லைன்னு அனுப்ப? குடுத்தா. ரெண்டு நாள் ஆச்சு. ஒரு வாரம் ஆச்சு. சாரல் சீசன் முடிஞ்சே போச்சு. சைக்கிள் வரல. போயிப் பாத்தா...

"என்ன ஆச்சு?"

என்ன ஆச்சா? சைக்கிளைத் தூக்கிச் சுவத்துல மாட்டி வச்சிருக்கான் அந்த மனுசன்! பெரிய பெரிய போல்ட்டு போட்டு முடுக்கி! அது மட்டுமா, தலையில இருந்து கால் வரைக்கும் தங்கக் கலர் பெயிண்ட் அடிச்சிருக்கான். குழாய் மேல, சங்கிலி மேல, ஏன், தோல் சீட்டு மேலயே அடிச்சிருக்கான்! ஆரக்கம்பியில சீரியல் பல்பு. கேரியர்ல பிளாஸ்டிக் பூ. அதுக்குக் கீழ நின்னு வர்றவன் போறவனெல்லாம் பல்லைக் காட்டிக்கிட்டு செல்ஃபி எடுக்கான். ஆவுடை நேரா லிங்கதுரைகிட்டப் போனா.

"அண்ணாச்சி, என் சைக்கிளைக் குடுங்க."

"வா ஆவுடை வா. பிரியாணி சாப்பிடுதியா?"

"சைக்கிளைக் குடுங்க."

"எடுத்துட்டுப் போயி என்ன செய்யப் போற? வெயில்லயும் மழையிலயும் போட்டு வதைச்ச. இங்க பாரு, ராசா மாதிரி இருக்கு. அதுக்கு நான் மரியாதை பண்ணியிருக்கேன்."

"கால் உள்ள ஆளைக் கட்டித் தொங்க விட்டுட்டு மரியாதைங்கீங்களே அண்ணாச்சி!"

"தீபாவளி கழியட்டும், பாப்போம்"னுட்டு அவரு போன் பேசப் போயிட்டாரு. அவ்வளவுதான் பதிலு.

அப்புறம் ஆவுடை தெருவுல பெரிய மனுசங்க அஞ்சாறு பேரைக் கூட்டிக்கிட்டுப் போனா. எல்லாரும் மீசையை முறுக்கிக்கிட்டுத்தான் போனாங்க. லிங்கதுரை ஒரு சத்தம் போடல. "வாங்க மாமா, உக்காருங்க சித்தப்பா"ன்னு எலையைப் போட்டாரு. பரோட்டாவைப் பிச்சுப் போட்டு சால்னாவை ஊத்தினாரு. சளக் சளக்குன்னு தின்னாங்க. கையைக் கழுவிட்டு வெளிய வந்து, பல்லைக் குத்திக்கிட்டே சொன்னாங்க பாரு ஒரு நியாயம்: "சுவத்துல நல்லாத்தாம்ட்டி இருக்கு. ஓட்டலுக்கும் ஒரு களை."

இவங்க வீட்டு எருமையைப் பிடிச்சுச் சுவத்துல மாட்டினா களைன்னு சொல்லுவாங்களா? கேளு!

"மாட்டாங்க."

ம், அப்படிக் கோவப்படு. அப்போ ஆவுடை மூணாவது தடவை போனா. இந்தத் தடவை யாரையும் கேக்கல. மத்தியானம் கூட்டம் குறைஞ்ச நேரமாப் பாத்து, கையில ஸ்பேனரோட போயி, பெஞ்சு மேல ஏறி, போல்ட்டைத் திருக ஆரம்பிச்சுட்டா. கிரீச், கிரீச். ஒரு போல்ட்டு கழண்டுச்சு. ரெண்டாவதுல கையை வச்சா, லிங்கதுரை வந்துட்டாரு.

"ஏய் திருடி! எறங்குடி கீழ!"

திருடின்னுட்டான்! அவ சைக்கிளுக்கு அவளையே திருடின்னுட்டான்! சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்கள்ல பாதிப் பேரு அவ தைச்ச சட்டையைப் போட்டிருக்காங்க. ஒருத்தராவது வாயைத் திறக்கணுமே? எலையைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டாங்க. லிங்கதுரை ஸ்பேனரையும் பிடுங்கிக்கிட்டாரு. ஆவுடை அழல. வீட்டுக்கு வந்து மெஷினை மிதிச்சா பாரு, தடதடதடதடன்னு தெரு முழுக்கக் கேட்டுச்சு. சைக்கிள் போனது ஒரு பக்கம். இந்தத் திருடிங்கற சொல்லு நெஞ்சுல முள்ளாக் குத்திக்கிட்டே இருந்துச்சு.

"ம்."

அப்புறம் ஆயுதபூசை வந்துச்சு. ஆவுடை மெஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் சந்தனம் குங்குமம் வச்சுக் கும்பிட்டுட்டு, அன்னைக்கு வேலை செய்யக் கூடாதே, சும்மா ரோட்டுல நடந்தா. ஓட்டல் வாசல்ல ஒரே கூட்டம். காரு, வேனு, மாவு ஆட்டற மெஷின் எல்லாத்துக்கும் மாலை. காரு சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு, 'சத்'னு நசுக்கி, கேட்டுக்கு வெளிய கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. வேனும் வெளிய வந்துருச்சு. உள்ள பாத்தா, சுவத்துல தொங்கற சைக்கிளுக்கும் மாலை போட்டு, பொட்டு வச்சு, பூசாரி சூடம் காட்டியிருக்காரு!

ஆவுடை கேட்டுக்கு வெளிய நின்னுக்கிட்டே கேட்டா: "ஏன் பூசாரி, சூடம் காட்டின வண்டி எலுமிச்சம்பழம் நசுக்காம நிக்கலாமா?"

பூசாரி முழிச்சாரு. "நிக்கக் கூடாது. திருஷ்டி பூரா வீட்டுக்குள்ளயே தங்கிரும்."

"அப்போ அந்த சைக்கிளு?"

லிங்கதுரை பொண்டாட்டி கனகமணி நெஞ்சுல கையை வச்சுக்கிட்டா. "ஆத்தி! அதான் சுவத்துல மாட்டினதுல இருந்து எனக்குக் கால் வலி விடவே மாட்டேங்குது! எறக்குங்க அதை! இப்பவே எறக்குங்க!"

லிங்கதுரையும் திருஷ்டிக்குப் பயந்த ஆளுதான். வேற எதுக்கும் பயப்பட மாட்டாரு, இதுக்குப் பயந்து ஆவுடைகிட்ட புடுங்கின ஸ்பேனரை எடுத்து அவரே குடுத்தாரு. கிரீச் கிரீச் கிரீச், சீரியல் பல்பை உருவிட்டு எறக்கிட்டாங்க. டயர்ல காத்து இல்ல.

"காத்து இல்லாம உருட்டினா பழம் நசுங்காது, வழுக்கிரும்"னா ஆவுடை. பரோட்டா மாஸ்டர் பம்பை எடுத்தாரு. புஸ் புஸ் புஸ்.

"சங்கிலி கத்துச்சுன்னா அபசகுனமாச்சே"ன்னா ஆவுடை. எண்ணெய் போட்டாங்க.

இப்போ அதை யாரு ஓட்டுறது? பரோட்டா மாஸ்டர் ஏறினாரு. வளைஞ்ச கொம்பை எங்க பிடிக்கறதுன்னு தெரியாம, தொபீர்! மேனேஜர் ஏறினாரு. சீட்டு குத்துச்சு, "அய்யோ அம்மா"ன்னு குதிச்சு எறங்கிட்டாரு. "தள்ளுங்கலே"ன்னு லிங்கதுரையே ஏறினாரு. ஹேண்டிலுக்குக் குனிஞ்சா தொப்பை இடிக்குது, தொப்பையைத் தூக்கினா ஹேண்டில் எட்டல. ஆடி ஆடி, மாவு மெஷின்ல போயி முட்டி, டமார்! சைக்கிள் மாலை மேல விழ, மாலையும் கழுத்துமா கெடந்தாரு.

"ஹிஹி."

சிரிக்காத, தூக்கம் போயிரும். கனகமணி கத்தினா: "ஓட்டத் தெரிஞ்சவ அங்க நிக்கா, அவளைக் கூப்பிடாம சர்க்கஸ் காட்டுதீங்களே! ஏட்டி ஆவுடை, வா, நல்ல நேரம் போகுது!"

ஆவுடை வந்தா. கொம்பைப் பிடிச்சா. பெயிண்டுக்கு அடியில அதே இரும்புதான். ஏறி உக்காந்தா. தோலு அவளைக் கண்டுபிடிச்சுக்கிருச்சு. ஒரு மிதி. சத்! எலுமிச்சம்பழம் நசுங்குச்சு. இன்னொரு மிதி, கேட்டைத் தாண்டிட்டா. கடைசி வண்டி போயிருச்சேன்னு பூசாரி கேட் வாசல்ல பூசணிக்காயைத் தலைக்கு மேல தூக்கிப் போட்டாரு, படார்! குங்குமமும் பூசணிக்காயுமா வழி பூரா செவப்பு.

ஆவுடை நிக்கல. டிக்டிக்டிக்டிக்...

"ஏய்! நில்லுட்டி! பிடிங்கலே அவளை!"

யாரு பிடிக்க? உடைச்ச பூசணிக்காயை எவன் தாண்டுவான்? பரோட்டா மாஸ்டர் ஓடி வந்து ஒரு காலைத் தூக்கினாரு, செவப்பைப் பாத்தாரு, காலைக் கீழ வச்சுட்டாரு. மேனேஜரும் அப்படியே. லிங்கதுரை ஒத்தைக் காலைத் தூக்கிக்கிட்டு கொக்கு மாதிரி நின்னாரு. "தாண்டிராதீங்க! ஊரு திருஷ்டி பூரா உங்க தலையிலதான் ஏறும்"னா கனகமணி. "திருஷ்டி சுமந்துட்டுப் போன வண்டி, அது இனி நம்ம வாசலுக்குள்ள வரவே கூடாது, ஆமா."

"அப்போ கதை முடிஞ்சுதா?"

எங்க முடிஞ்சுது? கேளு அக்கிரமத்தை. மறுநாள் அந்த லிங்கதுரை ஊரெல்லாம் என்ன சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு தெரியுமா? "பாவம், ஏழைத் தையல்காரி. ஆயுதபூசையும் அதுவுமா என் சைக்கிளை நான்தான் அவளுக்குத் தானமாக் குடுத்தேன்"னாரு. தானம்! எலையைப் பாத்துக் குனிஞ்சவங்க எல்லாம் இப்போ நிமிந்து, "தங்கமான மனுசன்"னாங்க.

ஆவுடை காதுக்கு எட்டுச்சு. சைக்கிள்தான் வந்துருச்சே, போனாப் போகுதுன்னு இருந்தாளா? இல்ல. மத்தியானம், ஓட்டல்ல நிக்க எடமில்லாத நேரம், வாசல்ல வந்து சைக்கிளை நிறுத்தினா. எறங்கவே இல்ல. மணியை அடிச்சா. டிரிங்! டிரிங்! டிரிங்! சோத்துல வச்ச கை எல்லாம் நின்னு போச்சு.

"அண்ணாச்சி! இது யாரு சைக்கிள்?"

லிங்கதுரை கல்லாவுல இருந்து எந்திரிச்சாரு. "போ தாயி, சாப்பிடற நேரத்துல..."

டிரிங்! டிரிங்! "யாரு சைக்கிள்? திருடின்னு சொன்ன வாயாலயே சொல்லுங்க."

"அப்புறம் பேசிக்கிடலாம்."

டிரிங் டிரிங் டிரிங் டிரிங்! அவளும் விடல, மணியும் விடல. குழம்பு ஆறுது, காதைப் பொத்திக்கிட்டு ஒருத்தரு கத்தினாரு: "சொல்லித் தொலையும்யா, சோறு எறங்க மாட்டேங்குது!" இன்னொருத்தரும் கத்தினாரு. அப்புறம் ஓட்டலே கத்துச்சு. கனகமணி அடுக்களையில இருந்து வந்து, இடுப்புல கையை வச்சுக்கிட்டுப் புருசனைப் பாத்தா.

"அவளோடதுதான்"னு முணுமுணுத்தாரு.

"கேக்கல அண்ணாச்சி." டிரிங்!

"அவ சைக்கிள்தான்! ரெண்டு நாளுக்குன்னு நான்தான் கேட்டு வாங்கி, குடுக்காம மாட்டி வச்சுக்கிட்டேன்! போதுமா?"

"அவ மன்னிச்சுட்டாளா?"

எதுக்கு மன்னிக்கணும்? அவரு மன்னிப்பே கேக்கலையே. ஆனா போதும்னா. கொம்பைத் திருப்பினா, மலைப் பக்கமா மிதிச்சா. ஏத்தம் வந்துச்சு, கடக்! சங்கிலி பெரிய பல்லுக்குத் தாவுச்சு.

அவ மலை ஏறட்டும், கதை இங்கயே எறங்கிக்கிடட்டும். கண்ணை மூடு தங்கம்.

"ம்..."