மலையனுக்கு ஒரு நோவும் இல்லை

மடத்துக் கொட்டிலில் அந்த வருடம் இன்னும் ஈனாத இளம்பசுக்களான கிடாரிகளில் ஒன்றுக்குக்கூடச் சினை தங்கவில்லை. காளையோடு சேரும், சில வாரம் கழித்து மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும். வயதான பசுக்கள் மட்டும் வழக்கம்போல் ஈன்றன.

கொட்டிலைப் பார்த்துக்கொண்டவர் தாண்டவர். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு மடத்தில் சேர்ந்தவர். குரு மெய்யம்மை அவரைவிட இளையவர். துறவுக்கு முன் கால்நடை மருத்துவர்.

"கிடாரிகள் மலடு, அம்மா. வாங்க ஆள் வந்திருக்கிறது."

"எதற்கு வாங்குகிறாராம்?"

"அடிமாட்டுக்குத்தான்."

மெய்யம்மை கிடாரிகள் பக்கம் போகவில்லை. பொலிகாளை மலையனிடம் போனார். அதன் குறியை மூடியிருக்கும் தோலுக்குள் நீர் விட்டுக் கழுவி, அந்த நீரைக் குப்பியில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

தாண்டவருக்கு மனம் சுருங்கியது. கன்றிலிருந்து அவர் வளர்த்த காளை அது.

முடிவு வந்தது. கருவை அழிக்கும் கிருமி மலையனிடம் இருந்தது.

"இவன் ஒரு வேளைகூடத் தீனியை மறுத்ததில்லையே!"

"இவனை அது ஒன்றும் செய்யாது. இளங்காளையிடம் அவ்வளவாகத் தங்காது. வயதாக ஆகத் தோலில் மடிப்பு ஆழமாகும். கிருமி அதில் குடியேறிவிடும். சேரும்போது பசுவுக்குப் போகும்."

"அப்படியென்றால் கிழப்பசுக்கள்?"

"அவையும் முன்பு கருவை இழந்திருக்கும். பிறகு உடம்பு எதிர்க்கக் கற்றுக்கொண்டது. கிடாரிகளுக்கு இது புதிது."

தாண்டவர் பசுக்களையும் காளையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"பசுவை வயது காக்கிறது. காளையிடம் அதே வயது கிருமிக்கு இடம் கொடுக்கிறது. வயது நல்லதா, கெட்டதா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, அம்மா."

மெய்யம்மை மலையனை அவிழ்த்துக் கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

"தனியாகக் கட்டுங்கள். வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்."

மலையனுக்கு மருந்து தொடங்கினார்கள். கிடாரிகள் தேறும்வரை பொறுத்திருந்து, வேறொரு இளங்காளையைச் சேர்த்தார்கள். மழைக்கு முன் இரண்டு கிடாரிகள் சினையாகின.

தாண்டவருக்கு மட்டும் தெளியவில்லை. ஒரு காலையில் குருவிடம் வந்து நின்றார்.

"மலையன் தெரிந்து செய்யவில்லையே, அம்மா."

"இல்லை."

"எனக்கும் வயதாகிவிட்டது. ஒரு நோவும் இல்லை. நிம்மதியாக இருக்கிறேன். நானும் இப்படி எதையாவது சுமந்துகொண்டிருந்தால் எப்படித் தெரியும்?"

மெய்யம்மை சிரிக்கவில்லை.

"உங்களைப் பார்க்காதீர்கள். உங்களோடு பழகியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள்."