உயரமே இல்லாத பக்கம்

இதை எனக்கு முதலில் சொன்னது என் மூத்த மருமகன் ஏனோஸ். போன வருஷம் குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம், சர்ச் ஹாலில் உட்கார்ந்து ஓலை கிழித்துச் சிலுவை முடைந்துகொண்டிருந்தோம். அவர் வேலை பார்க்கிற ஆபீசில் நடந்தது. கம்ப்யூட்டர் சங்கதி எனக்குத் தெரியாது. அவர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நானும் அப்படியே சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் அது ஒரு சின்ன கம்பெனி. ஆஸ்பத்திரிகளுக்கு ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுப்பார்கள். அங்கே குரு என்றால் ஜுலைஹா மேடம்தான். முப்பது வயசு தாண்டிக் கொஞ்சம் இருக்கும். சீடர் பூதலிங்கம் சார், ஐம்பதை நெருங்குகிறவர். பாலிடெக்னிக்கில் டிராயிங் வாத்தியாராக இருந்தார். அதை இழுத்து மூடிவிட்டார்கள். திரும்பப் படித்து இந்த வேலைக்கு வந்தார். அவர் 'மேடம்' என்பார், அந்தப் பிள்ளை 'சார்' என்னும். யார் யாருக்கு வாத்தியார் என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாது.

சாருக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு ஆஸ்பத்திரியின் பழைய பக்கத்தைப் புதுசாக்குவது. வார்டில் நர்சுகள் நோயாளி விவரம் எழுதுகிற பக்கம் அது. பார்க்கிறவர் கண்ணுக்கு ஒரே பக்கம். உள்ளே நாலு பக்கம், ஒரு ஜன்னலில் நாலு கண்ணாடி பதித்த மாதிரி. ஃபிரேம் என்கிறார்கள். மேலே ஆஸ்பத்திரி பெயர். இடது பக்கம் வார்டுகள். நடுவில் எழுதுகிற இடம். நாலாவது ஃபிரேம், எல்லாத்துக்கும் அடியில். அதற்கு உயரம் பூஜ்யம் என்று போட்டிருந்தது.

உயரம் பூஜ்யம் என்றால் கண்ணுக்கே தெரியாது. சார் அந்தப் பக்கத்தைத் தனியாகத் திறந்து பார்த்தார். வெள்ளை. இன்னும் கொஞ்சம் பார்த்தார். வெள்ளைதான். டிராயிங் வாத்தியார் கை சும்மா இருக்குமா? வேண்டாத கோட்டை ரப்பர் வைத்து அழிக்கிற மாதிரி அதை எடுத்துவிட்டார்.

மேடம் அன்றைக்குப் பெருநாளுக்காக உம்மா வீட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சார் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாக்க நல்லா இருக்கு சார். எதையும் எடுத்தீங்களா?"

"குப்பைய மட்டும்தான் எடுத்தேன்."

"போகச் சொல்றதுக்கு முந்தி, நீ என்ன வேலை பாக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சார் சிரித்துவிட்டார். "பக்கம்தானே மேடம். ஆளா என்ன?"

"நான் வந்து பாக்கேன். அதுவரைக்கும் வெளிய விடாதீங்க," என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

சாருக்குப் பொறுக்கவில்லை. நல்லாத்தானே இருக்கு என்று மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த வாரமே வார்டிலிருந்து போன் வந்தது. அமலி சிஸ்டர்.

"சார், உங்க கம்ப்யூட்டருக்கு என்னைக் கண்டா ஆகாதா?"

"என்ன சிஸ்டர் ஆச்சு?"

"எழுதி முடிச்சு 'சேமி'ன்னு அமுக்குதேன். நடுவுல வந்து உன் பேரு என்ன, பாஸ்வேர்டு என்னன்னு கேக்குது. மேல ஆஸ்பத்திரி பேரு அப்படியே இருக்கு. பக்கத்துல வார்டெல்லாம் அப்படியே இருக்கு. வீட்டு நடுவுல உக்காந்து சோறு திங்கவளப் பாத்து, நீ யாருன்னு கேட்டா எப்படி இருக்கும்? எழுதுனது பூராவும் போச்சு."

"என்ன எழுதியிருந்தீங்க?"

"ஒரு அம்மா வந்திருக்காங்க, கூட யாரும் இல்ல. ரெண்டு நாளாப் பேசவே இல்ல. இன்னைக்குக் காலைலதான் வாயத் திறந்து, எங்க வலிக்கு, எந்த மருந்து சேராதுன்னு ஒண்ணொண்ணாச் சொன்னாங்க. சொல்லிட்டு மயங்குன மாதிரித் தூங்கிட்டாங்க. அத்தனையும் போச்சே சார்."

சார் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"திங்கக்கிழமை வரைக்கும் பாப்போம், இல்லைன்னா பழையபடி பேப்பர்தான்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாரு," என்று சிஸ்டர் போனை வைத்தார்.

முதல் வேலையே திரும்பி வந்தால் இந்த நாற்காலி தனக்கு இல்லை என்று சாருக்குத் தெரியும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது நாற்காலி இல்லை. 'எந்த மருந்து சேராது' என்பதுதான்.

பெருநாள் முடிந்து மேடம் வந்தார். சார் எழுந்து நின்று, சிஸ்டர் போனில் சொன்னதைச் சொன்னார்.

"மேடம், எத்தனை தடவ பாத்துட்டேன். எனக்கு அந்தப் பேரு கேக்குறது வரவே மாட்டேங்கு. சிஸ்டருக்கு மட்டும்தான் வருது."

"சிஸ்டர் எழுதுற மாதிரி எழுதிப் பாத்தீங்களா?"

"அவங்க எப்படி எழுதுவாங்க?"

"போய்ப் பாத்துட்டு வாங்க."

வெளியே விட்டதைப் பற்றி மேடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாருக்கு அது திட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வார்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன சார், கம்ப்யூட்டர விட்டுட்டு என்னையக் காவல் காக்க வந்துட்டீங்க?"

"கத்துக்கிட வந்தேன் சிஸ்டர்."

சிஸ்டர் ரெண்டு வரி எழுதினார். மணி அடித்தது. எழுந்து போய் ஒருவருக்கு டிரிப் மாற்றினார். வந்து ஒரு வரி எழுதினார். ஒரு தாத்தா கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றார். கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். கை கழுவினார். உட்கார்ந்து, எங்கே விட்டோம் என்று யோசித்தார். அதற்குள் டாக்டர் கூப்பிட்டார். சாரின் கண் திரையை விட்டுச் சிஸ்டரோடேயே போய் வந்தது.

கடைசியில் 'சேமி' என்று அமுக்கினார். நடுவில் பெயர் கேட்டது.

"பாத்துக்கோங்க. உங்க முன்னாடியே கேக்குது, நான் யாருன்னு."

சார் வேகமாகத் திரும்பி வந்தார்.

"பிடிச்சிட்டேன் மேடம்! அவங்க எழுதிக்கிட்டு இருக்கது சர்வருக்குத் தெரியவே தெரியாது. 'சேமி'ன்னு அமுக்குனாத்தான் அங்க போகும். அரை மணி நேரம் ஒரு சத்தமும் வரலைன்னா, ஆளு போயாச்சுன்னு அவங்க உள்ள வந்த கதவ, அந்த செஷனை, மூடிருது. நான் படபடன்னு அமுக்குறவன், எனக்கு எப்படி வரும்? அந்த அரை மணிய ஒரு நாளாக் கூட்டி வச்சிருவோம்."

"வச்சா, பக்கத்த மூடிட்டு வீட்டுக்குப் போனவங்க கதவும் நாள் பூரா திறந்து கிடக்குமே சார்."

சார் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கேன்," என்றார் மேடம். "பழைய பக்கத்துலயும் இதே அரை மணிதானே?"

"ஆமா."

"இதே சிஸ்டர்தானே?"

"ஆமா."

"அப்போ இத்தனை வருஷமா யாரு பாத்துக்கிட்டா?"

அந்தக் கேள்வி சாரைப் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தார். மேல் ஃபிரேம் சரி. இடது ஃபிரேம் சரி. வார்டைத் தொட்டால் நடுவில்தான் திறக்கிறது, அதுவும் சரி. அடிக்கு வந்ததும் விரல் நின்றது.

"மேடம், ஒண்ணே ஒண்ணுதான் இங்க இல்ல. ஆனா அது ஒண்ணுமே செய்யாது. நானே திறந்து பாத்தேன்."

"எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

சார் திரையிலிருந்து விரலை எடுத்தார்.

மேடம் ஒரு கம்ப்யூட்டரில் பழைய பக்கத்தைத் திறந்து வைத்தார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு கறுப்புத் திரை. சர்வரிடம் யார் வந்து கேட்டாலும் அதில் ஒரு வரி விழும்.

"கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க சார்."

"எதைப் பாக்கணும்?"

"ஒண்ணும் பாக்க வேண்டாம். சும்மா இருங்க."

பெருநாள் பலகாரம் மிச்சம் இருந்தது. டப்பாவைத் திறந்து நீட்டினார். சார் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். டீ வந்தது, ஆடை கட்டியது. மௌஸை யாரும் தொடவில்லை. கறுப்புத் திரை கறுப்பாகவே இருந்தது.

ஒரு வரி விழுந்தது.

சார் தன் கையைப் பார்த்தார். மேடத்தின் கையைப் பார்த்தார்.

"யாரு தொட்டது?"

"நீங்க தொட்டீங்களா?"

"இல்லையே."

"நானும் தொடல."

மறுபடி இருந்தார்கள். மறுபடி ஒரு வரி விழுந்தது. சார் முன்னால் குனிந்து படித்தார். உயரமே இல்லாத அந்தப் பக்கத்தின் பெயர். முந்தின வரியிலும் அதே பெயர்தான்.

இந்தத் தடவை அந்தப் பக்கத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வரிடம் திரும்பப் போ என்று மட்டும் ஒரு வரி.

"அங்க போய் இது என்னதான் சொல்லுது மேடம்?"

"ஒண்ணும் சொல்லாது சார். போய் நிக்கும். இந்த வீட்ல ஆளு இருக்குன்னு சர்வருக்குத் தெரிஞ்சிரும். பக்கத்த மூடிட்டா இதுவும் நின்னுரும்."

சார் அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார். இந்தத் தடவை மேடம் பார்த்த பிறகுதான் வெளியே விட்டார். திங்கட்கிழமை காலையில் வார்டுக்குப் போய் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பேசாதிருந்த அந்த அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சிஸ்டர் மறுபடி கேட்டார். அவர்களும் விட்டு விட்டுச் சொன்னார்கள். நடுவில் மணி அடித்தது. சிஸ்டர் போனார், வந்தார், மறுபடி போனார். சார் திரையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் சிஸ்டர் 'சேமி' என்று அமுக்கினார்.

பெயர் கேட்கவில்லை. எழுதியது எழுதியபடி நின்றது.

"என்ன சார் செஞ்சீங்க?"

"நான் எடுத்தத நானே திரும்ப வச்சேன் சிஸ்டர்."

சாயங்காலம் ஆபீசுக்கு வந்து மேடத்தின் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"மேடம், அதுக்கு ஒரு விரக்கடை உயரமாவது குடுத்திருவோமா? எனக்கப்புறம் வாரவங்க கண்ணுல படணும்லா?"

மேடம் கொஞ்சம் யோசித்தார்.

"எழுதுறவங்களுக்குத்தான் சார் இடம் வேணும். அதுக்கு வேண்டாம். எடுக்காம இருந்தாப் போதும்."

சார் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஏனோஸ் சொல்லி முடித்தபோது என் கையில் ஓலை பாதி முடைந்தபடி நின்றது. அந்த வார்டில் படுத்திருந்த அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. இதைக் கேட்ட நீங்கள் ஒரு சின்ன உதவி செய்யுங்கள். இன்றைக்கு ஜெபிக்கும்போதோ, தொழும்போதோ, விளக்கேற்றும்போதோ, அந்த அம்மாவையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம்.