காலிக் கேமரா

"நாலு ஜோடி பேட்டரி மாத்திட்டேன் டீச்சர். எல்லாம் புதுசு. இந்தக் கேமரா செத்துப்போச்சு."

அருளப்பன் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு, மதுரையில் நசீமாவின் கடையில் கேமரா பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டிருந்தார். நசீமாவுக்கு முப்பத்து மூன்றுதான். ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே.

வாசல் பெஞ்சில் காந்திமதி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தம்பி குருவையாவுக்குப் பேச்சு வராது. நேற்றுக் காலை ரயில் நிலையக் கூட்டத்தில் காணாமல் போனவன் இன்னும் கிடைக்கவில்லை. போலீசார் படம் கேட்டார்கள். வீட்டில் இருந்ததோ எட்டு வயதுப் படம். அவனுடைய இப்போதைய முகம் இந்தப் பழைய கேமராவுக்குள் மட்டும்தான் இருந்தது. மெமரி கார்டுகூடப் போடாமல், கேமராவிலேயே பதிந்த படம்.

"சாகும்போது என்ன செஞ்சுது?" என்று நசீமா கேட்டார்.

"லென்ஸ் வெளியே வந்துச்சு. பேட்டரியை மாத்துன்னு திரையில எழுத்து வந்துச்சு. அணைஞ்சுபோச்சு."

"செத்தது அதைக் குடு இதைக் குடுன்னு கேக்குமாண்ணே?"

அருளப்பனுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. வெளியே ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள், இங்கே விடுகதையா?

"அஞ்சாவது ஜோடி வாங்கிட்டு வந்துடறேன்."

நசீமா கேமராவின் பேட்டரி மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த பேட்டரி இரண்டையும் உருவி, மேசை டிராயரில் போட்டு மூடினார். திறந்தபடியே கேமராவை அருளப்பன் கையில் கொடுத்தார்.

"காலியா இருக்கே டீச்சர்."

"ஆமா."

அருளப்பன் சற்று நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். அப்புறம், செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால், டார்ச்சை அடித்து உள்ளே பார்த்தார்.

அடியில், பேட்டரி போய் முட்டும் தகட்டின்மேல், பச்சையாகப் பொடி பூத்திருந்தது. எந்தக் காலத்திலோ பேட்டரி ஒழுகிய கறை.

அவர் குச்சியில் பஞ்சைச் சுற்றி, வினிகரில் தொட்டு, தேய்க்க ஆரம்பித்தார்.

"போக மாட்டேங்குது டீச்சர்."

"போகும். மெதுவாத் தேய்ங்க."

பச்சை போய்த் தகடு பளபளத்தது. அருளப்பன் பேட்டரிக்காக டிராயரை நோக்கிப் பாய்ந்தார். நசீமா அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"காயட்டும்."

கால் மணி நேரம். பஸ்ஸில் முப்பது வருஷம் நின்றவருக்கு அந்தக் கால் மணி நேரம் நிற்க முடியவில்லை. காந்திமதி எழுந்து வந்து வாசற்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயிடுமாண்ணே?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்மா."

காய்ந்ததும் அருளப்பன் பேட்டரியைப் போட்டார். பொத்தானை அமுக்கினார்.

லென்ஸ் வெளியே வந்தது. அணையவில்லை. எடுத்த படத்தைக் காட்டும் பொத்தானையும் அமுக்கினார்.

திரையில் ஒரு வாலிபன் தர்பூசணியைக் கடித்தபடி, தாடையெல்லாம் சாறு வழியச் சிரித்துக்கொண்டிருந்தான். காந்திமதி திரையைத் தடவினாள். நசீமா அதற்குள் கேபிளை மாட்டிப் படத்தை எடுத்து அவள் போனுக்கு அனுப்பிவிட்டார். அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

அஞ்சு மணிக்குப் போன் வந்தது.

"கெடைச்சிட்டாண்ணே! மானாமதுரை ரயில்வே ஸ்டேஷன்ல இருக்கான். டீக்கடைக்காரர் படத்தைப் பாத்துட்டு, இங்கதான் உக்காந்திருக்கான்னு சொல்லியிருக்காரு. பன்னு தின்னுக்கிட்டு இருக்கானாம்!"

அவளும் அழுதாள், இவரும் அழுதார்.

போனை வைத்துவிட்டு அருளப்பன் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"பேட்டரியில கோளாறு இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது டீச்சர்?"

நசீமா அடுத்த கேமராவைக் கையில் எடுத்திருந்தார்.

"எனக்குத் தெரியலண்ணே. உங்களுக்குத்தான் தெரிஞ்சிருந்துச்சு. நாலு ஜோடியும் புதுசுன்னு நீங்கதானே சொன்னீங்க?"