குறையில்லாத வண்டி

அவிநாசிப் பக்கம் பருத்தி ஜின்னிங் மில் வைத்திருந்த நாச்சிமுத்துவுக்கு எழுபதை நெருங்கும் வயது. அவருக்கு ஒரு குரு. குருவுக்கு நாற்பதுகூட இருக்காது, அதுவும் பெண். ஊர் சிரிக்காமல் இருக்குமா? சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூரணி சாமி என்பார்கள். ஓதிமலை அடிவாரத்தில் ஒற்றை ஓட்டு வீடு. முன்னே எங்கேயோ நர்ஸாக இருந்தவராம். ஊரே முதலாளி என்று கும்பிடுகிற மனிதரை அவர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆனால் 'ங்க' போடாமல் பேசினதில்லை.

அன்றைக்கு நாச்சிமுத்து தன் பேக்கார்ட் காரில் வந்து இறங்கினார். அடேங்கப்பா, அது வண்டி! தெருமுனையில் திருப்ப வேண்டுமானால் இரண்டு தடவை பின்னால் எடுக்க வேண்டும், அத்தனை நீளம். சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரை ஒருவரிடம் இவருடைய அப்பா வாங்கிய அமெரிக்கக் கார். மூக்கில் இறக்கை விரித்த ஒரு பறவை, அதில் ஒரு இறக்கை முனை உடைந்திருந்தது. பெயிண்ட் அங்கங்கே உப்பிக் கிடந்தது. பின்சீட்டில் அவருடைய மனைவி பாவாத்தாள் உட்கார்ந்திருந்தார்.

"சாமி, இவளை வெச்சுத்தான் ஒண்ணு கேக்க வந்தேனுங்க."

"சொல்லுங்க."

சொன்னார். பாவாத்தாளுக்கு மறதி வந்து சில வருஷம் ஆகிறது. முதலில் சாமான்களின் பேர் போயிற்று. அப்புறம் ஞாபகத்திலிருந்து மில் போயிற்று, மகன் போனான். கடைசியில் இவரும் போனார். வீட்டுக்குள் இவரைக் கண்டால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "யாருங்க நீங்க? ஆம்பளைங்க இல்லாத நேரத்துல வந்து நிக்கறீங்களே" என்று கேட்பார். கட்டின பெண்டாட்டி வாயால் அதைக் கேட்பதற்கு ஒரு மனசு வேண்டும்.

ஆனால் சாயங்காலம் பின்சீட்டில் ஏற்றி, சத்தியமங்கலம் போகிற சத்தி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் போதும். அவருடைய விரல் தானாகக் கதவின் கைப்பிடியைத் தேடும். ஆடிப்போன கைப்பிடி அது. அதை டிக் டிக்கென்று ஆட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "ஏனுங்க, மெதுவாப் போங்க. பையன் தூங்கறான்" என்பார்.

அந்தப் பையன் அமெரிக்காவில் வழுக்கை விழுந்து உட்கார்ந்திருக்கிறான். அதனால் என்ன? நாச்சிமுத்துவுக்குப் புருஷனைக் கூப்பிடுகிற அந்த ஒரு 'ஏனுங்க' போதும். அதற்காகவே தினமும் அந்தப் பெட்ரோல் குடிக்கிற வண்டியை எடுத்தார். வீடு வந்து கீழே இறங்கினால் எல்லாம் தீர்ந்தது, மறுபடி யாருங்க நீங்கதான்.

"வண்டிக்குள்ள ஏறினா அரைகுறையா என்னைத் தெரியுது சாமி. வண்டியே அரைகுறையாத்தானே கெடக்குது? இதைப் புத்தம் புதுசா, ஃபேக்டரியை விட்டு வந்த அன்னைக்கு இருந்த மாதிரி பண்ணிட்டேன்னா அவளுக்கு எல்லாமே திரும்பிருமில்லைங்களா?"

பூரணி வண்டியை நோக்கி நடந்தார். பின்கதவைத் திறந்து பாவாத்தாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். நாச்சிமுத்து வெயிலில் நின்றார். உள்ளே இரண்டு பெண்களும் ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. பாவாத்தாள் சிரித்து அவர் கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது.

பூரணி இறங்கினார். சேலையில் ஒட்டியிருந்த தேங்காய் நாரைத் தட்டிவிட்டார்.

"நல்லா இருக்குதுங்களே. இதுல என்ன குறை?"

"என்ன குறையா? சீட்டு கிழிஞ்சு நார் வந்துருச்சு. தலை சாயற இடத்துல பூராவும் எண்ணெய்க் கறை. ஊட்டி மலையில பையன் வாந்தியெடுத்த வாடை இன்னும் போகல. கதவு மரத்துல இவ தோடு உரசி உரசிக் கோடு. கைப்பிடி ஆடுது. ஒண்ணா ரெண்டா சாமி?"

"இவ்வளவும் யார் பண்ணினதுங்க?"

"நாங்கதான். வேற யாரு?"

பூரணி உள்ளே போய் இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து பாவாத்தாள் கையில் கொடுத்தார்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே, இது ஆசீர்வாதம்தான் என்று எடுத்துக்கொண்டார் நாச்சிமுத்து. நாமும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்போம்.

வண்டி சென்னைக்குப் போயிற்று. பழைய அமெரிக்கக் கார்களை மட்டுமே தொடுகிற பட்டறை. நட்டு நட்டாகக் கழற்றினார்கள். மகன் அமெரிக்காவிலிருந்து அசல் சாமான்களாகத் தேடி அனுப்பினான். இத்தனை வருஷத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் பேச இவ்வளவு விஷயம் கிடைத்ததே இல்லை. பெயிண்ட் அந்தக் காலத்து நிறத்திலேயே வந்தது. சீட்டுத் துணிகூட அசல் நெசவில் கிடைத்தது. நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் பாவாத்தாள் சாயங்காலமானால் ஷெட்டுக்குப் போய் நின்றார். காலியாய்க் கிடந்த தரையில் எண்ணெய் சொட்டின இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இருடி, வந்துரும், சும்மா ஜம்முனு வரும்" என்று இவர் தூரத்திலிருந்தே சொல்வார். பக்கத்தில் போனால் அவர் பயப்படுவார். ஒரு மழைக்காலம் போய் அடுத்தது வருவதற்குள் பாவாத்தாள் ஷெட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். பரவாயில்லை, வண்டி வந்தால் சரியாகிவிடும் என்று நாச்சிமுத்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வண்டி வந்தது. வீட்டுக்குக் கொண்டுவருமுன் கோயம்புத்தூரில் பழைய கார்க் கண்காட்சியில் நிறுத்தினார்கள். நடுவர்கள் டார்ச் அடித்து அடிவயிறு வரைக்கும் பார்த்துவிட்டு முதல் பரிசு கொடுத்தார்கள். மூக்கில் பறவைக்கு இரண்டு இறக்கையும் முழுசாக இருந்தது.

அன்று சாயங்காலம் பாவாத்தாளுக்குப் பட்டுச்சேலை கட்டிவிடச் சொன்னார். தலையில் பூ வைத்துக் கூட்டிவந்தார்கள். பாவாத்தாள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"யாரு வீட்டு வண்டிங்க இது?"

"நம்ம வண்டிதான் பாவாத்தா. ஏறு."

ஏறினார். வேற்றாள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனவர் மாதிரி சீட்டு நுனியில் உட்கார்ந்தார். சத்தி ரோடு வந்தது. விரல் கைப்பிடியைத் தேடிப் போயிற்று. கைப்பிடி பளபளவென்று, அசையாமல் இருந்தது. விரல் ஒரு தடவை முயன்றது, இன்னொரு தடவை முயன்றது. அப்புறம் மடிக்குத் திரும்பிவிட்டது.

நாச்சிமுத்து வண்டியை ஓட்டியபடி கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். இப்போது சொல்வாள், இந்தப் புளியமரம் தாண்டினால் சொல்வாள் என்று.

"டிரைவர்," என்றார் பாவாத்தாள். "எங்க வீட்டுக்காரர் வரலீங்களா?"



மறுநாள் பட்டறைக்குப் போன் போட்டார். பழைய சீட்டு எங்கே என்று கேட்டார். "அந்தக் குப்பையா சார்? ஒரே பூச்சி. அன்னைக்கே எரிச்சாச்சு" என்றார்கள். கதவு மரம்? இழைத்துப் பாலிஷ் போட்டாயிற்று. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போய் அவரே கைப்பிடியைத் தளர்த்தினார். ஆட்டிப் பார்த்தார். டிக் டிக்கென்றுதான் சத்தம் வந்தது. பாவாத்தாளை ஏற்றிப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருடைய கையைப் பிடித்துக் கைப்பிடிமேல் வைத்தார். பாவாத்தாள் அலறிக் கையை உருவிக்கொண்டார். வேலைக்காரப் பெண் ஓடிவந்து கூட்டிப்போக வேண்டியதாயிற்று. நாச்சிமுத்து அந்தப் புதுச் சீட்டிலேயே உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

வேறு எங்கே போவார்? ஓதிமலைக்குத்தான் போனார். பாவாத்தாள் பின்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் ஒரு பேச்சில்லை.

பூரணி வாசலில் புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முன்பு செய்த மாதிரியே போய்ப் பின்கதவைத் திறந்து பாவாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தத் தடவை உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. இறங்கினார். சேலையில் தட்டிவிட ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

"நல்லா இருக்குதுங்களே. இதுல என்ன குறை?"

நாச்சிமுத்து வண்டியைப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லீங்க சாமி" என்றார். சொன்ன மாத்திரத்தில் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

பூரணியும் எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"நீங்க அன்னைக்கே ஒரு வார்த்தை தடுத்திருக்கக் கூடாதுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"தடுத்திருந்தா?"

"நிறுத்தியிருப்பேன்."

"நெசமாவா?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "இல்லீங்க" என்றார்.

"நான் பேசாம இருந்ததும் தப்புத்தான்" என்றார் பூரணி. "உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். அந்தப் பாவம் எனக்கும் உண்டு."

குரு இப்படிச் சொல்லி நாச்சிமுத்து கேட்டதில்லை. அது அவரை இன்னும் அதிகமாக உடைத்தது.

"பையன் வேண்டாம், மில் வேண்டாம், ஒண்ணும் அவளுக்கு ஞாபகம் வர வேண்டாம். அந்த ஒரு வார்த்தைதான் சாமி. சாயங்காலம் ஒருக்கா என்னைக் கூப்பிட்டா. அதையும் நானே என் கையால எரிச்சுட்டேன். ஏதாவது பரிகாரம் சொல்லுங்க. பழைய நார் வாங்கி அடைக்கட்டுங்களா? எண்ணெய் தடவட்டுங்களா?"

"வாந்தி எங்க போய் வாங்குவீங்க?"

வெயில் நகர்ந்து வண்டியின் பின்பக்கம் ஏறியது.

"அப்ப இனி அவ என்னைக் கூப்பிடவே மாட்டாளா?"

பின்சீட்டுக் கண்ணாடி மெல்ல இறங்கியது. பாவாத்தாள் நெற்றியில் கை வைத்து வெளியே எட்டிப் பார்த்தார். கண் இவர்மேல் வந்து நின்றது.

"டிரைவர்! வெயில் சுடுது. வண்டியை எடுக்கறீங்களா?"

நாச்சிமுத்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். பூரணி எழுந்து, அவருடைய தோளைத் தொட்டார்.

"கூப்பிடறாங்களே, நாச்சிமுத்து. போங்க."