பன்றிக்குப் பயந்து பன்றிமேல் ஏறிய சருகுமான்

நாவல்மரக் குளத்தங்கரையில் குட்டி விலங்குகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குப் போக ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. குட்டிகள் எல்லாம் களாப்பழம் தின்றுகொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டு நடந்தே போகும்.

ஒருநாள் மொட்டையன் என்ற காட்டுப்பன்றி அந்தப் பாதையில் தலைதெறிக்க ஓடியது. கடுகு என்ற சருகுமான் குட்டி பயந்துபோய் முட்புதருக்குள் பாய்ந்தது.

அதன் அம்மா மிளகி பதறி ஓடிவந்தது. "இனி நீ இந்தப் பாதையில் கால் வைக்கக் கூடாது!"

"அப்போ பள்ளிக்கூடம்?" என்று கடுகு அழுதது.

மிளகி யோசித்தது. நேராகப் பன்றியிடமே போனது.

"மொட்டையா, பாதையில் ஆபத்து அதிகமாகிவிட்டது. எங்களை முதுகில் ஏற்றிக்கொண்டு போ. தினமும் கோரைக்கிழங்கு தருகிறேன்!"

"கிழங்கா? ஏறு தாயே, ஏறு!"

மறுநாள் மொட்டையன் புழுதி பறக்க ஓடியது. அதைக் கண்ட முள்ளம்பன்றி முள்ளி, "ஐயோ, இது மிதித்தால் என் பிள்ளை அப்பளமாகிவிடுமே!" என்று பதறி, பிள்ளையைச் சுமந்து போக ஓர் எருமையைப் பிடித்தது. பிள்ளையின் வால்முள் குத்தும்போதெல்லாம் எருமை ஓர் ஆள் உயரம் துள்ளியது. துள்ளும் எருமையைக் கண்டு முயல் சுக்கி ஒரு கரடியைப் பிடித்தது. கரடியோ வழியில் தேனடை கண்டால் நிற்கும். தேனீ கண்டால் ஓடும்.

பத்தே நாளில் பாதையில் நடக்கும் குட்டி ஒன்றுகூட இல்லை. நடக்க இடமும் இல்லை.

"வேகமாகப் போ மொட்டையா! பாதை ரொம்ப மோசம்!" என்று மிளகி தினமும் விரட்டியது.

பதினோராம் நாள் காலை. பள்ளி வாசலில் இரண்டு பாறைகள். அவற்றின் நடுவே பன்றி தலையை நுழைத்த அதே நேரம் எருமையும் நுழைத்தது. பின்னாலேயே தேனீக்கள் துரத்தக் கரடி!

டமால்!

மூன்றும் சிக்கிக்கொண்டன. கடுகு பறந்துபோய்த் தரையில் விழுந்தது. மேலே, அந்தரத்தில், மொட்டையன் தூக்கிய கால்!

"காலைக் கீழே வைக்காதே!" என்று மிளகி அலறியது.

"வைக்கவில்லை தாயே! ஆனால் கால் நடுங்குகிறதே!"

கடுகு ஒரே உருளாக உருண்டு வெளியே வந்தது. தொப்பென்று கால் இறங்கியது.

"போதும்! நாளையிலிருந்து பள்ளிக்கூடமே வேண்டாம்! இந்தப் பாதையில் பன்றித் தொல்லை தாங்கவில்லை!" என்று மிளகி கத்த, கடுகு அழத் தொடங்கியது.

"எந்தப் பன்றி தாயே?" என்று மொட்டையன் கேட்டது.

மிளகி முன்னே பார்த்தது. பின்னே பார்த்தது. வேறு பன்றி இல்லை.

"நீ... நீதான்!"

"நான் மாதத்துக்கு ஒரு தடவை இந்தப் பக்கம் ஓடினேன். தினமும் நாலு தடவை ஓட வைத்தது யார்?"

எருமை முதுகில் பிள்ளையோடு இருந்த முள்ளி களுக்கென்று சிரித்தது. மிளகிக்கு ரோஷம் வந்தது. "நீங்கள் எதற்கு எருமை பிடித்தீர்களாம் அக்கா?"

"உன் பன்றிக்குப் பயந்துதானடி!"

"நான் இந்த எருமைக்குப் பயந்து!" என்றது கரடி முதுகில் இருந்த சுக்கி.

"நான் தேனீக்குப் பயந்து!" என்றது கரடி.

எல்லோரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். குலுங்கியதில் முள் குத்த, எருமை துள்ள, சிக்கல் தானாக விடுபட்டது!

"கடுகு, அழாதே. நாளைக்கும் பள்ளிக்கூடம் உண்டு. நடந்தே போகலாம்" என்றது மிளகி.

அன்றே பேசி முடித்தார்கள். பள்ளிக்கூடம் தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் பெரிய விலங்குகள் பாதை தொடங்கும் இடத்தில் உள்ள மருதமரத்தோடு நின்றுவிட வேண்டும். அங்கிருந்து குட்டிகள் வரிசையாக நடக்கும். முன்னால் ஓர் அம்மா, பின்னால் ஓர் அம்மா, முறைவைத்து.

முதல் நாள் முன்னால் நடக்க மிளகியின் முறை. அது இருபது தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தது.

"அம்மா, நாங்கள் ஒழுங்காகத்தான் வருகிறோம். நீ முன்னால் பார்த்து நட, விழுந்துவிடப் போகிறாய்!" என்றது கடுகு.

தன் பிள்ளை மட்டும் பத்திரமாகப் போனால் போதும் என்று ஆளாளுக்கு விரைந்தால் பாதை எல்லோருக்கும் ஆபத்தாகும்; எல்லோரும் சேர்ந்து நடந்தால் அதுவே எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்திரமான பாதையாகும்.