முத்திரை உடையாத மூட்டை

பஞ்ச காலத்தில் கரம்பை நாட்டுக்குப் பெருங்கோட்டை நாடு ஒரு மூட்டைப் பொன் கடன் கொடுத்தது. கொடுத்த கையோடு, முன்வட்டி என்று சொல்லி அந்த மூட்டையையே திருப்பி வாங்கிக்கொண்டது. அதிலிருந்து வருஷா வருஷம் தூதர் பூபதிராயர் அதே மூட்டையோடு வருவார். புதுக்கடன் என்று கொடுப்பார், பழைய வட்டி என்று வாங்கிக்கொண்டு கிளம்புவார். அரக்கு முத்திரை ஒருநாளும் உடைந்ததில்லை. கடன் மட்டும் கொழுத்துக்கொண்டே போனது.

இந்த வருஷம் ராயர் மீசையை முறுக்கினார். "அசல் எங்கே? இல்லையென்றால் உங்கள் ஏரி எங்களுக்கு!"

கரம்பையில் இருந்ததே அந்த ஒரு ஏரிதான். ராஜா கையைப் பிசைந்தார். "கொஞ்சம் தள்ளுபடி..."

"தள்ளுபடியா! அப்புறம் உங்களுக்கெல்லாம் எப்படிப் பொறுப்பு வரும்?"

மூட்டையைத் தலையில் வைத்திருந்த கரம்பைச் சுமைகாரி மாடாத்தி, ராயரைப் போலவே கனைத்தாள். "பொறுப்பு வேணும், சாமி! இந்தத் தடவை பொன்னை எண்ணி வாங்கிக்கறோம்."

ராயருக்கு வேர்த்துவிட்டது. "எங்கள் முத்திரையையே சந்தேகப்படுகிறாயா?"

"ஐயையோ, நான் யாரு சாமி!" என்று பதறியவள் தலையிலிருந்து, பாவம், மூட்டை நழுவி விழுந்து வெடித்தது. சிதறியதெல்லாம் ஓட்டாஞ்சில்லு.

சபை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. மாடாத்தி அத்தனையையும் பொறுக்கிப் பவ்யமாக நீட்டினாள். "நீங்க கொடுத்த அசல், சாமி. ஒரு சில்லுகூடக் குறையாது."

ராயர் வாசலுக்கு ஓடினார். சேதி அவருக்கு முன்னாலேயே போயிருந்தது. உடைந்த பானைகளைத் தூக்கிக்கொண்டு ஊரே வரிசையில் நின்றது, வட்டி கட்ட.